அரைக் கண்ணாடித் தண்ணீர்

அவரை நல்ல மனிதர் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். அவர் அப்படியொன்றும் நல்ல மனிதர் இல்லை. வாயைத் திறந்தால் சண்டை. யார் என்ன சொன்னாலும் அதில் ஒரு தப்பைக் கண்டுபிடித்து, அந்த ஆள் ஒத்துக்கொள்ளும்வரை விடமாட்டார். பக்கத்தில் வந்தால் கரிப்புகையும் பீடியும் கலந்த வாடை. அவரோடு ஐந்து வருஷம் ஒரே இடத்தில் வேலை பார்த்தேன். அதில் பாதி நாள் இந்த ஆளை எப்படித் தொலைத்துக் கட்டுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தொலைத்தும் விட்டேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சேலத்துக்கும் ஜலகண்டாபுரத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைக்கல் குன்று. அங்கே வெட்டிய கல்லைப் பெரிய ரயில் வரும் இடத்துக்குக் கொண்டுசேர்க்க ஒரு கம்பெனிக்காரர்கள் இரண்டடி அகலத்தில் தண்டவாளம் போட்டிருந்தார்கள். குன்றிலிருந்து ரயிலடி வரைக்கும் ஒரே இறக்கம். அதில் ஓட ஐந்து குட்டி எஞ்சின்கள். யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முந்திய கதை இது. நான் அங்கே ரைட்டர். மல்லசமுத்திரத்தில் எங்களுக்குத் தோட்டமும் காடும் இருந்தன. அண்ணன்மார் அதைப் பார்த்துக்கொள்ள, எட்டாவது படித்த திமிரில் நான் மேசை வேலைக்கு வந்தேன். அவர் எருமப்பட்டிப் பக்கத்துக் கூலிக் குடும்பம். எஞ்சின்களின் பாய்லரைக் கழுவுவது அவர் வேலை. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு வாயில் வந்ததெல்லாம் 'வாடா, போடா' தான். அவர் என்னை 'ரைட்டரய்யா' என்பார், 'வாங்க, போங்க' என்பார். அதுதான் அப்போது மரியாதை என்று எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

பாய்லர் கழுவுவதைச் சாதாரண வேலை என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். அதைக் காய்ச்சக் காய்ச்ச உள்ளே தகட்டில் வெள்ளையாகக் கல் படியும். பத்து நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு எஞ்சினையும் ஆறவைத்து, தண்ணீரை வடித்து, கம்பியால் குத்திக் குத்தி அந்தக் கல்லை எடுக்க வேண்டும். அடுப்பு வாசல் ஒரு முறத்தின் அகலம்கூட இருக்காது. அவர் அதற்குள் தலையையும் ஒரு தோளையும் நுழைத்துக்கொள்வார். வெளியே இடுப்பும் காலும் மட்டும் தெரியும். அந்த நிலையிலும் வாய் சும்மா இருக்காது. வெளியே நிற்கிற ஆள் ஏதாவது தப்பாகப் பேசினால் அடுப்புக்குள்ளிருந்தே மறுப்புச் சொல்வார். எஞ்சினே பேசுகிறதோ என்று புதிதாக வந்தவர்கள் பயந்துபோனதுண்டு.

அவரிடம் சொல்லவே கூடாத ஒரு வார்த்தை உண்டு. "ரெண்டும் ஒண்ணுதானே" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. "எதுங்க ஒண்ணு?" என்று ஆரம்பித்துவிடுவார். ஒரு தடவை சந்தையில் விதைக்கடலை வாங்கப் போயிருக்கிறார். வியாபாரி வேர்க்கடலையில் கொடி ரகத்தையும் கொத்து ரகத்தையும் ஒரே சாக்கில் கலந்து வைத்திருக்கிறான். ரெண்டும் கடலைதானே என்றானாம். "எதுங்க ஒண்ணு? ஒண்ணு சீக்கிரம் வெளஞ்சு போகும், இன்னொண்ணு இன்னும் ரெண்டு மாசம் மண்ணுக்குள்ள கெடக்கும். ஒட்டுக்கா வெதைச்சா எப்பங்க புடுங்கறது?" என்று கேட்டு, சாக்கையே கொட்டிக் கவிழ்த்து, அங்கேயே உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்துவிட்டார். வாங்கியது என்னவோ இரண்டு படி. சந்தை கலையும்வரை பிரித்தாராம்.

இன்னொரு தடவை கூலிக்காரர் குடிசைகளில் ஒரு கல் உடைக்கிறவருக்கு இரட்டைப் பெண்கள். பெரியவளைப் பெண் பார்க்க வந்த அன்று அவளுக்குக் காய்ச்சல். வந்தவர்கள் சின்னவளைப் பார்த்துவிட்டு, "இதையே பேசி முடிச்சுக்கலாமுங்க, ரெண்டும் ஒரே அச்சுத்தானே" என்றிருக்கிறார்கள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டுப் போன நம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டார். "எதுங்க ஒண்ணு? பெரிய புள்ள அடிச்சாலும் பேசாது. சின்னது பேசுனாலே கடிக்கும். எதைக் கூட்டிட்டுப் போறீங்கன்னு தெரிஞ்சு கூட்டிட்டுப் போங்க" என்றார். சம்பந்தம் முறிந்தது. பெண்ணின் அப்பா தடியை எடுத்துக்கொண்டு குன்று வரைக்கும் துரத்தினார். அந்தச் சின்னப் பெண் மட்டும் அதற்கப்புறம் இவரை எங்கே கண்டாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

இதெல்லாம் கேட்கச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை, இப்போதும் வரவில்லை. ஏனென்றால் அவர் இதே கேள்வியோடு தினமும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

எங்கள் ஐந்து எஞ்சின்களில் மூன்று, தண்டவாளம் போட்டபோதே புதிதாக வந்தவை. அவற்றில் தண்ணீர்த் தொட்டி பாய்லரின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும், காளைக்குத் திமில் மாதிரி. ஆட்கள் அவற்றைத் திமிலு என்றார்கள். நாலாம் நம்பரும் ஐந்தாம் நம்பரும் வேறெங்கோ ஒரு பெரிய வேலை முடிந்த இடத்தில் ஏலத்தில் எடுத்தவை. அவற்றுக்குத் தொட்டி இரண்டு விலாவிலும் தொங்கும். அதனால் அவை பொதி. திமிலில் சக்கரம் வெளியே தெரியும். பொதியில் சக்கரம் சட்டத்துக்குள்ளே ஒளிந்திருக்கும், வெளியே கம்பிகள் மட்டும் முழங்கை மாதிரி மடங்கி மடங்கி ஓடும். ஆடு மேய்க்கிறவர்களுக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும். திமில் ஓட்டுகிற டிரைவர்கள் பொதியில் ஏற மாட்டார்கள், பொதிக்காரர்கள் திமிலில் ஏற மாட்டார்கள். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது ஒரு புதுத் துரை மேனேஜராக வந்தார். அவருக்கு எல்லாம் சுத்தமாக, ஒரே வரிசையாக இருக்க வேண்டும். எஞ்சின் ரிஜிஸ்தரைப் புரட்டினார். ஒவ்வொரு எஞ்சினும் என்ன வகுப்பு என்று எழுத அதில் ஒரு கட்டம் உண்டு. மூன்றுக்கு ஏ, இரண்டுக்கு பி. "ஒரே பாதை, ஒரே பாரம், ஒரே வேகம், எதற்கு இரண்டு வகுப்பு?" என்றார். ஐந்தையும் ஏ வகுப்பாக எழுதிவிடு, எந்த டிரைவரும் எந்த எஞ்சினையும் ஓட்டட்டும், ஆள் வராத நாளில் வண்டி நிற்காது என்று உத்தரவு. நான் புது ரிஜிஸ்தர் போட்டேன். பழையதைப் பீரோவுக்கு அடியில் தள்ளினேன். பெயிண்டரைக் கூப்பிட்டு நாலிலும் ஐந்திலும் பி என்பதை அழித்து ஏ என்று எழுதவைத்தேன். அரை நாள் வேலை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அன்று சாயங்காலமே நம்மாள் வந்துவிட்டார். கையில் அளவுக்கு வெட்டின ஒரு மூங்கில் குச்சி.

"ஏனுங்க ரைட்டரய்யா, பொதிக்கு எழுத்தை மாத்திப்போட்டீங்களாமா?"

"தொரை உத்தரவு. உனக்கென்னடா?"

"எழுத்து மாறுனா அடுப்புக் கூரை எறங்கிருமுங்களா?"

அவர் சொன்னதை நான் அப்போது அரைக் காதில்தான் கேட்டேன். இப்போது முழுதாகச் சொல்கிறேன். பாய்லருக்குள் அடுப்பு ஒரு பெட்டி மாதிரி இருக்கும். அந்தப் பெட்டியின் மேல்தகடு எப்போதும் தண்ணீருக்கு அடியில் முங்கியிருக்க வேண்டும். முங்கவில்லை என்றால் தகடு பழுத்து, இளகி, ஆவியின் அழுத்தத்தில் கிழிந்துவிடும். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று டிரைவர் உள்ளே பார்க்க முடியாது. அவருக்கு எதிரே செங்குத்தாக ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், அதில் தெரிவதுதான் கணக்கு. திமிலில் அந்தக் கண்ணாடியின் அடிப்பக்கமே அடுப்புக் கூரைக்கு மூன்று விரற்கடை மேலே இருந்தது. ஆகவே கண்ணாடியின் அடியில் துளித் தண்ணீர் தெரிந்தாலும் கூரை முங்கித்தான் இருக்கும், பயமில்லை. பொதியில் அப்படியில்லை. அடுப்புக் கூரை கண்ணாடியின் அடியைவிட இரண்டு விரற்கடை உயரத்தில் இருந்தது. கண்ணாடியில் இரண்டு விரல் தண்ணீர் தெரியும்போதே உள்ளே கூரை காய ஆரம்பித்துவிடும்.

இது எந்தப் படத்திலும் இல்லை. ஏலத்தில் எடுத்த எஞ்சினுக்குப் படம் எங்கே வரும். உள்ளே தலையை விட்டு, குச்சியை வைத்து, வெளியே வந்து அதே குச்சியைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். பொதி ஓட்டிய பழைய டிரைவர்கள் இருவருக்கும் அவர் சொல்லியிருந்தார். அவர்கள் முக்கால் கண்ணாடிக்குக் குறையாமல் ஓட்டினார்கள். ஆனால் துரையின் புது அறிவிப்பு எல்லா எஞ்சினுக்கும் ஒன்றுதான்: புறப்படும்போது அரைக் கண்ணாடித் தண்ணீர். அதற்கு மேல் வைத்தால் திமிலில் புகைபோக்கி வழியாகத் தண்ணீர் தெறிக்கும். அதனால் அரை.

"திமிலுக்கு அரை சரிங்க. பொதிக்கு அரைன்னா, எறக்கத்துல மூக்கு கீழ போறப்ப தண்ணியெல்லாம் முன்னுக்கு ஓடிரும். கூரை மேல என்னங்க நிக்கும்?"

"அதான் கண்ணாடியில தெரியுமில்ல. தெரியற வரைக்கும் பயமில்லைன்னு டிரைவருங்களே சொல்றாங்க."

"அது திமிலு ஓட்டறவிய சொல்றதுங்க."

நான் அறிவிப்பை எடுத்து மடித்து வைத்துவிட்டு, போய் வேலையைப் பார் என்றேன்.

மனிதர்களுக்கும் ஒரு ரிஜிஸ்தர் இருந்தது. அதையும் நான்தான் எழுதினேன். பேர், ஊர், தகப்பன் பேர், வகுப்பு. அந்தக் கட்டத்தில் யார் என்ன ஜாதி என்று எழுத வேண்டும். ஷெட்டில் குடிதண்ணீருக்கு மூன்று பானைகள் வைத்திருந்தோம். எந்த வகுப்பு எந்தப் பானையில் மொண்டு குடிக்கலாம் என்று என் ரிஜிஸ்தரைப் பார்த்துத்தான் முடிவு. மூன்றாவது பானைக்கு மூடி கிடையாது. அதில் கரித்தூள் மிதக்கும். அவர் அதில் குடிப்பவர். ஒருநாள் சாமான் அறையில் ஏதோ வாங்க வந்தவர், நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாது அவருக்கு. வகுப்பு என்றேன்.

"எஞ்சின் புஸ்தகத்துலயும் அதே பேர்தானுங்களே சொன்னீங்க?"

"ஆமா. அதுவும் வகுப்புத்தான்."

"மனுசனுக்கு எத்தனை வகுப்பு எழுதியிருக்கீங்க?"

எண்ணிப் பார்த்துப் பதினொன்று என்றேன்.

"எஞ்சினுக்கு?"

"ஒண்ணு."

"தண்ணி குடிக்கிற மனுசனுக்குப் பதினொண்ணு. தண்ணி குடிக்கிற எஞ்சினுக்கு ஒண்ணு. எந்தத் தண்ணி ஆளைக் கொல்லும்னு உங்களுக்குத் தெரியலீங்களே" என்றார். கத்தவில்லை. எனக்குத்தான் முகம் சிவந்துவிட்டது. வாயை அடக்கிப் பேசு, இல்லாவிட்டால் சீட்டுக் கிழிந்துவிடும் என்றேன்.

அந்த மாதமே மதராஸிலிருந்து பெரிய துரை ஒருவர் பார்வையிட வந்தார். ஷெட்டில் சுற்றிக்கொண்டே, எத்தனை வகை எஞ்சின் வைத்திருக்கிறீர்கள் என்று அரைகுறைத் தமிழில் என்னைக் கேட்டார். "ஒண்ணுங்க தொரை" என்றேன். பக்கத்தில் நின்ற எஞ்சினுக்கு அடியிலிருந்து "ரெண்டுங்க" என்று சத்தம் வந்தது. பெரிய துரை குனிந்து பார்த்தார். அடியில் கரிபூசிய முகத்தில் இரண்டு கண்கள் மட்டும். எங்கள் துரை சிரித்துச் சமாளித்து அவரை அப்பால் அழைத்துப் போனார். மறுநாள் இவருக்கு, ஒரு வாரத்துக்கு வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். நான்தான் போய்ச் சொன்னேன். "சொல்லிப்போட்டு வாரேன்னு வந்தீங்களாக்கும். ஒரு வாரம் கழிச்சும் ரெண்டுதானுங்களே இருக்கும்" என்றார்.

திரும்பி வந்தவுடன் அவர் செய்த காரியம்தான் கோடு. நாலிலும் ஐந்திலும் கண்ணாடிக்குப் பக்கத்துத் தகட்டில், அடியிலிருந்து ஆறு விரல் மேலே, செங்காவியை எண்ணெயில் குழைத்து ஒரு கோடு இழுத்தார். இதற்குக் கீழே தண்ணீர் இறங்கினால் உடனே தொட்டித் தண்ணீரை உள்ளே ஏற்ற வேண்டும். எழுத்துத் தெரியாதவனுக்கும் புரியும். இரண்டே வாரம்தான் அது இருந்தது. துரை கண்ணில் பட்டுவிட்டது. கம்பெனி எஞ்சினில் கண்டவன் கிறுக்குவதா என்று குதித்தார். அழிக்கச் சொன்னார்.

"நான் அழிக்க மாட்டேனுங்க" என்றார் இவர். "போட்டது தப்புன்னு ஆராவது அளந்து காட்டுனா அழிக்கறேன்."

யாரும் அளக்கவில்லை. அளக்க வேண்டுமென்றால் அடுப்புக்குள் தலையை விட வேண்டும். துரை என்னைப் பார்த்தார். நான் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, நானே ஏறி இரண்டு எஞ்சினிலும் துடைத்தேன். சட்டைக் கையில் காவி ஒட்டிக்கொண்டதற்கு அவரைத் திட்டிக்கொண்டே இறங்கினேன். அவர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

திமில் ஓட்டிக்கொண்டிருந்த அர்த்தநாரி திருச்செங்கோட்டுக்காரன். நல்ல டிரைவர், எட்டு வருஷ அனுபவம், என் கூட்டாளி. அவனுக்கு இவரைக் கண்டாலே ஆகாது. தன் எஞ்சினில் கால் வைக்கவிட மாட்டான். ஒரு வியாழக்கிழமை நாலாம் நம்பர் டிரைவர் வரவில்லை. அர்த்தநாரியை அதில் ஏறச் சொல்லி நான்தான் சீட்டு எழுதினேன். புதுச் சட்டப்படி எந்த டிரைவரும் எந்த எஞ்சினும். இவர் ஷெட்டிலிருந்து ஓடி வந்து, எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "சாமி, இது பொதிங்க. முக்கால் கண்ணாடி வெச்சுக்குங்க. தண்ணி தெரியுதேன்னு உட்ராதீங்க" என்றார். அர்த்தநாரி விசிலை இழுத்தான். அவர் சொன்னது அதில் அமுங்கிப்போனது. வேண்டுமென்றேதான் இழுத்தான், நான் பார்த்தேன்.

இறக்கத்தில் இரண்டு மைல் தாண்டி வெடித்தது. கூட இருந்த பயர்மேன் கரியெடுக்கப் பின்பக்கம் போயிருந்ததால் தூக்கியெறியப்பட்டுக் கையொடிந்து பிழைத்தான். கடைசியாக அர்த்தநாரி கண்ணாடியை எட்டிப் பார்த்து, "இன்னும் ரெண்டு விரல் நிக்குது, ஒண்ணும் பயமில்ல" என்று சொன்னானாம். திமிலாக இருந்தால் அது சரியான பேச்சு. வேட்டியில் சுற்றித்தான் அவனை எடுத்து வந்தோம். சேலம் போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது. அவன் மனைவிக்கு அப்போது ஐந்து மாதம்.

பாய்லரைச் சோதிக்கிற சர்க்கார் அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். ஆபீஸ் அறையில் அவர், துரை, நான். இவரை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தோம், அவர் உள்ளே வரக்கூடிய வகுப்பு இல்லை. அதிகாரி நியாயமான ஆள்தான். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று நினைத்தவர். ஷெட்டுக்கு இழுத்து வந்திருந்த நாலாம் நம்பரில் அடுப்புக் கூரை காகிதம் மாதிரி கிழிந்து தொங்கியது. அதில் எந்த உயரத்தை அளப்பது? பக்கத்தில் ஒன்றாம் நம்பர் நின்றிருந்தது. ஐந்தாம் நம்பர் அன்று பாதையில் ஓடிக்கொண்டிருந்தது.

"தொட்டி வேறு மாதிரி இருக்கிறதே. உள்ளே இந்த ஒன்றாம் நம்பரும் நாலாம் நம்பரும் ஒரே வகுப்பா?" என்று என்னைக் கேட்டார்.

பீரோவுக்கு அடியில் பழைய ரிஜிஸ்தர் கிடந்தது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். துரை என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என் மேசை, என் நாற்காலி, ஊரில் ரைட்டர் என்று கூப்பிடுகிற மரியாதை எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. சீட்டு எழுதியதும் நான், கோட்டை அழித்ததும் நான் என்பதும் ஞாபகம் வந்தது.

"ஆமாங்க. ஐந்தும் ஏ வகுப்பு" என்றேன். புது ரிஜிஸ்தரைத் திறந்து காட்டினேன்.

ஒரே வகுப்பு என்றால் ஒன்றை அளந்தால் போதும். அவர் ஒன்றாம் நம்பரை ஒழுங்காக அளந்தார். கண்ணாடியின் அடி, கூரையைவிட மூன்று விரல் மேலே இருந்தது. ஆகவே கண்ணாடியில் தண்ணீர் தெரிந்திருந்தால் கூரை காய்ந்திருக்க முடியாது. ஆகவே கூரை மேல் கல் படிந்து, சூடு தண்ணீருக்குப் போகாமல் தகடு பழுத்திருக்க வேண்டும். ஆகவே கழுவியவன் சரியாகக் கழுவவில்லை. கணக்கு மாதிரி ஒவ்வொரு படியாக வந்து வாசலில் நின்றவர் தலையில் இறங்கியது. ஒரு படிகூடத் தப்பில்லை, நான் சொன்ன முதல் படியைத் தவிர.

வாசலிலிருந்து இவர், "கோடு போட்டிருந்தேனுங்க, ரெண்டு பொதியிலயும்" என்றார். அதிகாரி எழுந்து போய்ப் பார்த்தார். கோடு இல்லை. யாராவது அதைப் பார்த்தீர்களா என்று கேட்டார். ஷெட்டில் இருபது பேர் பார்த்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் முறை வந்தபோது, எனக்குத் தெரியாது என்றேன். இவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு வராத வசவா. வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

ஜெயிலுக்கு அனுப்பவில்லை. வேலையிலிருந்து நீக்கினார்கள். அர்த்தநாரியைக் கொன்றவன் என்று பெயர் வந்தது. குடிசையை அன்றைக்கே காலி செய்யச் சொன்னார்கள். கம்பியையும் துரப்பணத்தையும் என்னிடம் ஒப்படைக்க வந்தார். அவர் மனைவி மூட்டையோடு சாலையில் நின்றிருந்தாள். நான் தலையை நிமிர்த்தாமல் எண்ணி வாங்கிக்கொண்டேன். போய்த் தொலைந்தால் போதும் என்றிருந்தது. போகவில்லை.

"ரைட்டரய்யா, அஞ்சாம் நம்பரு இன்னும் ஓடிட்டிருக்குதுங்க. நாளைக்கு ஆருங்க அதுல?"

"நாச்சிமுத்து."

"அவரும் திமிலுக்காரரு. அவருகிட்டயாச்சும் சொல்லிப்போடுங்க. நாஞ் சொன்னா இனி ஒரு நாயும் கேக்காது. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

அவர் அளவுக் குச்சியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதை ஒப்படைக்க வேண்டியதில்லை, அது அவர் சொந்தக் குச்சி.

விடிந்ததும் நாச்சிமுத்து சீட்டுக்கு வந்தான். பொதியில் முக்கால் கண்ணாடிக்குக் கீழே போகாதே, அடுப்புக் கூரை உயரமாக இருக்கிறது என்றேன். அவன் முகம் மாறியது. "ஆருங்க சொன்னது?" என்றான். அந்த இடத்தில் அவர் பேரைச் சொல்லியிருந்தால் அவன் நம்பியிருக்க மாட்டான். இதை நான் நாற்பது வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவன் நம்ப மாட்டான் என்பதற்காகவா சொல்லாமல் விட்டேன்?

"நான்தான் குச்சி வெச்சு அளந்து பாத்தேன்" என்றேன்.

நாச்சிமுத்து துரையிடம் போய்ச் சொல்லிவிட்டான். துரை என்னைக் கூப்பிட்டார். அடுப்பு ஆறிய பிறகு ஒரு பையனை உள்ளே விட்டு அளக்கச் சொன்னார். நான் சொன்ன அளவு சரியாக இருந்தது. முதல் தடவையாகத் துரை எனக்குக் கை கொடுத்தார். ஐந்தாம் நம்பர் மறுபடி பி வகுப்பு ஆயிற்று. கண்ணாடிக்குப் பக்கத்தில் பித்தளைத் தகட்டில் கோடு வெட்டிப் பதித்தார்கள். முக்கால் கண்ணாடி என்று புது அறிவிப்பு வந்தது, அடியில் என் கையெழுத்து. விசாரணையைத் திருப்பி நடத்த வேண்டும் என்று துரையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தலைமை ரைட்டர் பதவி கொடுத்தார்கள்.

யுத்தம் தொடங்கி இரண்டாம் வருஷம் ஒரு கல்யாணத்துக்காக நாமக்கல் போயிருந்தேன். பஸ் நிற்கும் இடத்தில் வேர்க்கடலைச் செடிக் கட்டு ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் எதிரே வந்தார். நான் திரும்பிக்கொள்வதற்குள் பார்த்துவிட்டார். கட்டை இறக்கி வைத்தார். உடம்பு பாதியாகியிருந்தது. பின்னால் அவர் மனைவி.

"ஏனுங்க ரைட்டரய்யா, நல்லா இருக்கறீங்களா? அஞ்சாம் நம்பரு ஓடுதுங்களா?"

"ஓடுது. ஒரு குறையும் இல்ல."

"நாச்சிமுத்துகிட்டச் சொன்னீங்களாங்க?"

"சொன்னேன். அளந்து பாத்தாங்க. மறுபடி ரெண்டு வகுப்பாக்கிட்டாங்க. பித்தளையில கோடு போட்டிருக்குது."

அவர் வாய் லேசாகத் திறந்தது. என்ன கேட்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. பஸ் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

"ஆரு சொன்னதுன்னு கேட்டாங்களா? எம் பேரைச் சொன்னீங்களா?"

"சொன்னேன்" என்றேன்.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டுக்க புள்ள. கம்பெனியில எம் பேரைச் சொல்லியிருக்காங்களாமா. நாங் கொன்னுபோட்டேன்னு சொன்னாங்களே, இப்பத் தெரிஞ்சுதா?" என்றார். அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாலை என்றுகூடப் பார்க்காமல் இரண்டு பேரும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் தடுக்கவில்லை.